ஆறாவது மூடி

அத்தியாயம் 6

மருத்துவ நிலையத்தின் வாசலில் மோட்டார் சைக்கிள் நிற்பதற்குள் வானொலி ஒலிபரப்பைத் தொடங்கிவிட்டான்.

"அண்ணி, ஒரு கேஸுன்னா ரத்தம் வேணும், கத்தி வேணும், குறைஞ்சது ஓடிப்போன மாப்பிள்ளை ஒருத்தனாவது வேணும். நமக்கு வாய்ச்சது ஒரு ஃப்ரிட்ஜ்."

"முதல்ல இறங்கு."

"இறங்கறேன். ஆனா ஃப்ரிட்ஜ்கிட்ட வாக்குமூலம் வாங்கறது எப்படின்னு சொல்லுங்க. ஏற்கனவே சில்லுன்னு இருக்கும். மிரட்டினாலும் நடுங்காது."

அண்ணி வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தினாள். அவள் கணவனின் தம்பி அவன். வாய் ஓயாததால் ஊர் வைத்த பெயர் வானொலி. அவன் கூடவே சுற்றி 'அண்ணி, அண்ணி' என்று கூப்பிட்டதில், துப்பறியும் தொழிலில் அவளுக்கு அதுவே பெயராகிவிட்டது. காவல் நிலையத்தில்கூட "அண்ணி வந்திருக்காங்க" என்றுதான் சொல்வார்கள்.

மணி பத்து. நான்கு மணிக்கு விசாரணை அதிகாரி வருகிறார். அதற்குள் ஏதாவது கிடைக்காவிட்டால் உள்ளே நிற்கும் நர்ஸுக்கு வேலை போய்விடும். அறுபது குழந்தைகளுக்கான தடுப்பு மருந்தைக் கெடுத்தாள், அதை மறைக்கப் பொய்யாக நோட்டு எழுதினாள் என்பது குற்றச்சாட்டு.

நர்ஸ் வெள்ளைச் சீருடையில் இருந்தாள். மூன்று நாளாக அவளை வேலை செய்யக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். ஆனாலும் சீருடையில் இஸ்திரி மடிப்பு கலையவில்லை. அறையில் ஸ்பிரிட் வாசனை. மூலையில் இடுப்பளவு உயரத்தில் மருந்து ஃப்ரிட்ஜ், கதவு திறந்து, காலியாக. மின்கம்பம் வராத இடம். கூரையில் இரண்டு சோலார் பேனல், வராந்தாவில் மரப்பெட்டிக்குள் ஒரு பேட்டரி, சுவரில், பேட்டரி அடியோடு காலியாகாமல் காக்கும் கையகல கண்ட்ரோலர். அவ்வளவுதான் மொத்த ஏற்பாடும்.

"நோட்டு நகலைப் படிச்சேன் சிஸ்டர்," என்றாள் அண்ணி. "பேட்டரி வோல்டேஜை ஒரு நாளைக்கு மூணு தடவை அளந்திருக்கீங்க."

"காலையில ஆறு, மதியம் பன்னெண்டு, சாயங்காலம் ஆறு. ரெண்டு வருஷமா ஒரு நாள் விட்டதில்லை மேடம்."

"விசாரணைக்காரர் எதைப் பொய்ங்கறார்?"

நர்ஸ் மேசையிலிருந்த நோட்டைத் திறந்து இரண்டு இடத்தில் விரல் வைத்தாள்.

"மருந்து கெட்ட அன்னைக்குக் காலையில 12.0-ன்னு எழுதியிருக்கேன். அதுக்கு முந்தின நாலு வாரமா காலையில 11.6தான். 'மத்த நாளைவிட அன்னைக்கு பேட்டரி தெம்பா இருந்திருக்கு, அப்புறம் எப்படி ஃப்ரிட்ஜ் நிக்கும்? நீதான் கதவைத் திறந்து போட்டுட்டுத் தூங்கியிருக்கே'ங்கறார். ரெண்டாவது, மதியம் 14.4. 'அவ்வளவு ஏறுற பேட்டரி விடியறதுக்குள்ள படுத்துடுமா? எல்லாம் நீயா போட்ட எண்ணு'ங்கறார்."

காலையில் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கணவன் சொன்னதும் இதுதான். அந்தப் பொண்ணு ஒரே நாள்ல உக்காந்து எல்லாத்தையும் எழுதியிருக்கும், நீ போய் நேரத்தை வீணாக்காதே. இருபது வருடமாகப் பேட்டரிக் கடை வைத்திருக்கிறவர். இங்கே பராமரிப்பு வேலையும் அவர் கடைதான். அவர் சொன்னால் அதில் விஷயம் இருக்கும் என்று அண்ணியும் நினைத்திருந்தாள். வழியெல்லாம் அது மனதில் கிடந்தது.

இப்போது அந்த 12.0-ஐ மறுபடி பார்த்தபோது நினைப்பு மாறியது.

"வானொலி, அந்தத் தண்ணி கேனைத் தூக்கித் தோள்ல வை."

"எதுக்கு?"

"வை."

அவன் நிறைகேனைத் தூக்கித் தோளில் வைத்தான். உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது. அண்ணி சுவரில் அவன் தலை எட்டும் இடத்தில் மைப்பேனாவால் சின்னதாக ஒரு கோடு போட்டாள். பத்து நிமிடம் அப்படியே நிற்க வைத்தாள். வானொலி முதல் மூன்று நிமிடம் பேசினான். அதற்குப் பிறகு மூச்சு மட்டும் வந்தது.

"இப்ப இறக்கு. நேரா நில்லு."

தலை கோட்டுக்கு மேலே மூன்று விரற்கடை ஏறியிருந்தது.

"பாத்தீங்களா சிஸ்டர்? தெம்பு எல்லாம் போச்சு. ஆனா உயரம் ஏறியிருக்கு. பேட்டரியும் இப்படித்தான். சுமையோட அளந்தா வோல்டேஜ் தாழ்ந்து காட்டும். சுமையை எடுத்துட்டா, உள்ள ஒண்ணும் இல்லாட்டியும் கொஞ்சம் நிமிரும். அன்னைக்கு விடியறதுக்கு முன்னாடியே பேட்டரி காலியாகி, கண்ட்ரோலர் ஃப்ரிட்ஜைத் துண்டிச்சு விட்டிருக்கு. நீங்க ஆறு மணிக்கு அளந்தப்ப அது சும்மா நின்னுக்கிட்டிருந்துச்சு. அதான் 12.0."

"கண்ட்ரோலர்ல சிவப்பு விளக்கு எரிஞ்சுதுன்னு சொன்னேன் மேடம். யாரும் நம்பலை."

"பொய் எழுதறவங்க கெட்ட நாளுக்குக் கெட்ட எண்ணைப் போடுவாங்க. இல்லாட்டி எப்பவும் போடறதையே போடுவாங்க. கெட்ட நாள்ல கொஞ்சம் ஏத்திப் போடணும்னு யாருக்கும் தோணாது. இதை அளந்தவங்களாலதான் எழுத முடியும்."

நர்ஸ் நாற்காலியில் உட்கார்ந்தாள். கையிலிருந்த பால்பாயிண்ட் பேனாவின் மூடியைக் கழற்றி, மறுபடி மாட்டி, மறுபடி கழற்றினாள்.

"அப்ப கேஸ் முடிஞ்சுது," என்றான் வானொலி தோளைத் தேய்த்துக்கொண்டு. "செலவு, ஒரு தோள்பட்டை."

"பாதிதான் முடிஞ்சிருக்கு. நோட்டு நிஜம்னா, பேட்டரி ஏன் காலியாச்சுன்னு அடுத்து கேப்பார். கவனிக்காம விட்டது யாருன்னு கேப்பார். சிஸ்டர், இந்த 11.6 எந்த நாள்லேருந்து வருது?"

நர்ஸ் பக்கத்தைப் பின்னால் புரட்டினாள். போன மாதம் பதினேழாம் தேதி வரை காலையில் 12.4, மதியம் 13.6. பதினெட்டிலிருந்து காலையில் 11.6, மதியம் 14.4. ஒரே இரவில் எண்கள் இடம் மாறியிருந்தன.

"இதுல ஒண்ணு புரியலை அண்ணி. மதியம் 13.6 இருந்தது 14.4 ஆனா நல்லதுதானே? மார்க் கூடினா பாஸ்தானே?"

"மதிய எண்ணு பேட்டரியோட எண்ணு இல்ல. வெயில் இருக்கிறப்ப பேனல் கொடுக்கிற அழுத்தமும் சேர்ந்துதான் மீட்டர்ல தெரியும். ஒரே குழாய், ஒரே தண்ணி. அடியில அண்டா வெச்சா மதியம் பாதிதான் நிறைஞ்சிருக்கும். டம்ளர் வெச்சா ஒரு நிமிஷத்துல தளும்பும். பன்னெண்டு மணிக்கே 14.4-ன்னா நிறைஞ்சு தளும்புதுன்னு அர்த்தம். அதே பேனல், அதே வெயில், அதே ஃப்ரிட்ஜ். பாத்திரம் மட்டும் சின்னதாயிருக்கு."

"ராத்திரியோட ராத்திரியா அண்டா எப்படி டம்ளராகும்?"

"ஆகாது. யாரோ அண்டாவை எடுத்துட்டு டம்ளரை வெச்சிருக்காங்க."

நர்ஸ் பதினேழாம் தேதிக் கட்டத்தில் விரல் வைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"பதினேழாம் தேதி கடையிலேருந்து சர்வீஸுக்கு வந்தாங்க மேடம். நான் ஊசி போட வெளியில போயிருந்தேன். சாவியை எதிர்ல தையல்கடையில குடுத்துட்டுப் போவேன். திரும்பி வந்தப்ப போன் வந்துச்சு. எல்லாம் சரி பண்ணியாச்சு, ரப்பர் மூடியை எடுத்துட்டு நல்ல மூடியா போட்டாச்சுன்னு."

"எந்த ரப்பர் மூடி?"

"பேட்டரிக்கு மேல ஆறு மூடி இருக்கும்ல, தண்ணி ஊத்தற இடம். ஆறாவது மூடி தொலைஞ்சு போச்சு. மருந்து பாட்டிலோட ரப்பர் மூடி ஒண்ணு கச்சிதமா உக்காந்துச்சு. உள்ளேருந்து வாயு வெளிய வரணுமேன்னு ஊசியால நடுவுல ஒரு ஓட்டை போட்டு வெச்சேன். ஒரு வருஷமா அதுதான் இருந்துச்சு."

மூவரும் வராந்தாவுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தார்கள். பேட்டரியில் ஆறு மூடியும் மஞ்சளாக, ஒரே மாதிரி இருந்தன. ஆறிலும் ஒரே அளவு அழுக்கு. ஒரு மூடி மட்டும் புதிது என்றால் அது பளிச்சென்று தெரிந்திருக்க வேண்டும். மேல் ஓரத்தில் ஒரு நீலக் கறை, ரூபாய் நாணயம் அளவில், பக்கவாட்டில் வழிந்து காய்ந்திருந்தது.

"மை," என்றான் வானொலி முகர்ந்து பார்த்து. "படிச்ச பேட்டரி போலிருக்கு."

"சர்வீஸ்ல கொட்டியிருக்கும்னு நினைச்சேன்," என்றாள் நர்ஸ்.

அண்ணி அந்தக் கறையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஏதோ நினைவுக்கு வருவதுபோல் வந்து நழுவியது.

"காலையில 11.6 வர ஆரம்பிச்சதும் கடைக்குச் சொன்னீங்களா?"

"ரெண்டு தடவை. மதியம் 14.4 வருதுல்ல, அப்ப நல்லாத்தான் இருக்குன்னு போனை வெச்சுட்டாங்க. யார் பேசினாங்கன்னு தெரியலை."

விஷயம் தெரிந்த ஒருவன் விஷயம் தெரியாத ஒருத்தியிடம் சொன்ன பதில் அது. அண்ணிக்குக் கோபம் வந்தது. கடையில் இருப்பதே இரண்டு பேர். ஒருவர் அவள் கணவர். இன்னொருவன் ஸ்பேனர் என்று எல்லோரும் கூப்பிடும் மெக்கானிக்.

"ஸ்பேனரா?" என்றான் வானொலி வண்டியில் ஏறும்போது. "நம்ம வீட்டுல சாப்பிட்டு வளர்ந்தவன் அண்ணி."

"அதனாலதான் இன்னும் கேவலமா இருக்கு."

கடைக்குப் போனபோது மணி பன்னிரண்டரை. ஸ்பேனர் குந்தி உட்கார்ந்து ஒரு லாரி பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். முதலாளி வெளியே போயிருக்கிறார், சாப்பாட்டு நேரத்துக்கு நேரே வீட்டுக்கு வந்துவிடுவார் என்றான், தலையைத் தூக்காமலே.

"பதினேழாம் தேதி மருத்துவ நிலையத்துல சர்வீஸ். நீ என்ன எடுத்துட்டு வந்தே?"

"நான் போகலை அண்ணி."

"கடையிலேருந்து போன்ல சொல்லியிருக்காங்க."

"சொல்லியிருக்கலாம். நான் போகலை."

"நாலு மணிக்கு ஒரு பொண்ணோட வேலை போகுது. அவ மேல பொய்க்காரின்னு முத்திரை குத்தப் போறாங்க. உனக்கும் ஒரு தங்கச்சி இருக்கா. அதை நினைச்சாவது சொல்லு."

ஸ்பேனர் கையிலிருந்த பாட்டிலைக் கீழே வைத்தான்.

"என் தங்கச்சி குழந்தைக்கு நீங்கதான் மஞ்சள் ஸ்வெட்டர் பின்னிக் குடுத்தீங்க. ஞாபகம் இருக்கா?"

"பேச்சை மாத்தாதே."

"மாத்தலை. அதை எடுத்துட்டுப் போனது பதினேழாம் தேதி. காலையில ஆறரை பஸ். நீங்களே பஸ் ஸ்டாண்டுக்கு வந்து பையைக் குடுத்தீங்க. நான் திரும்பி வந்தது பத்தொன்பது."

அண்ணிக்கு ஞாபகம் வந்தது. ஜன்னல் வழியாகப் பையை நீட்டியதும், பொத்தான் ஒன்று தளர்ந்திருக்கிறது, தைக்கச் சொல் என்று கத்தியதும்.

"அப்ப கடையில மிச்சம் இருந்தது..." என்று ஆரம்பித்த வானொலி வாக்கியத்தை முடிக்கவில்லை.

ஸ்பேனர் எழுந்து துணியில் கையைத் துடைத்தான். விரல் விரலாக, வெகுநேரம் துடைத்தான்.

"நான் அவர் உப்பைத் தின்னவன். என் வாயால ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் அண்ணி. உங்க மாடி ரூம்ல லைட்டு இப்பல்லாம் எவ்வளவு நேரம் எரியுது?"

இருவரும் நேரே வீட்டுக்குப் போனார்கள்.

மாடி அறைக்கு மட்டும் தனியாக ஒரு பேனல் உண்டு. அங்குதான் அவள் கேஸ் கட்டுகளைப் படிப்பாள். ஒரு வருடமாக விளக்கு ஒரு மணி நேரத்தில் மங்கி அணைந்துவிடும். நாலு பக்கம் படிக்கறதுக்குள்ள இந்த லைட்டு கண்ணை மூடுது என்று அவள் எத்தனையோ தடவை கணவனிடம் சலித்துக்கொண்டிருக்கிறாள். போன மாதம் ஒரு நாள் அவர் சிரித்துக்கொண்டே, "சரி பண்ணிட்டேன், இனிமே விடிய விடியப் படி" என்றார். அதற்காக அவருக்கு ஒரு சட்டை எடுத்துக்கொடுத்தாள். இன்று காலையில் பொத்தான் போட்டுக்கொண்டது அந்தச் சட்டைக்குத்தான்.

மூன்று நாளாக நர்ஸின் நோட்டை அவள் படித்தது அந்த வெளிச்சத்தில்.

மாடிப்படிக்குக் கீழே மரப்பலகையின் மேல் பேட்டரி இருந்தது. படி நிழலில் சரியாகத் தெரியவில்லை. வானொலி டார்ச் அடித்தான். பலகையில் நீல மை சிந்திய தடம். போன வருடம் மேல் தட்டிலிருந்த அவளுடைய மை பாட்டில் கவிழ்ந்தபோது ஆனது. தடம் பேட்டரியின் விளிம்பு வரை வந்து நின்றது. பலகையில் கறை இருந்தது. பேட்டரியின் மேல் ஒரு சொட்டுகூட இல்லை. மை பட்ட பேட்டரியை அவள் காலையில்தான் வேறு இடத்தில் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

அண்ணி மண்டியிட்டு மூடிகளை விரலால் எண்ணினாள். ஐந்து பிளாஸ்டிக். ஆறாவது ரப்பர். நடுவில் ஊசி முனை அளவு ஓட்டை.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

"என்ன, ரெண்டு பேரும் படிக்கடியில குடும்பம் நடத்தறீங்க?" என்று கேட்டபடி வந்த கணவர், டார்ச் வெளிச்சம் விழுந்த இடத்தைப் பார்த்ததும் நின்றார்.

"பதினேழாம் தேதி போனது நீங்கதானா?" என்றாள் அண்ணி.

அவர் மறைக்கவில்லை. "உனக்காகத்தான்."

"எனக்காகவா?"

"நீதானே தினமும் புலம்பினே. கடையில அந்த சைஸ் இருப்பு இல்ல. அடுத்த லோடு வர்ற வரைக்கும் நம்ம பழசு அங்க தாங்கும்னு நினைச்சேன். வந்ததும் புதுசா வெச்சிடலாம்னு இருந்தேன்."

"லோடு வந்துச்சா?"

"வந்துச்சு."

"வெச்சீங்களா?"

"அவசரம்னு ஒருத்தர் கேட்டார். அப்புறம் மறந்துட்டேன்."

"அந்தப் பொண்ணு ரெண்டு தடவை போன் பண்ணி ஞாபகப்படுத்தியிருக்கா."

கணவர் சட்டைக் கையை மடித்துவிட்டார், பிறகு இறக்கிவிட்டார். "உனக்கு ஒரு நல்லது பண்ணணும்னு..."

"அதைக்கூட விடுங்க. ஆசையில செஞ்சீங்க, மறந்துட்டீங்க. நான் திட்டியிருப்பேன், ரெண்டு நாள் பேசாம இருந்திருப்பேன், அதோட போயிருக்கும். இன்னைக்குக் காலையில அந்தப் பொண்ணு பொய் எழுதியிருப்பான்னு எங்கிட்ட சொன்னீங்களே. கண்ணாடியைப் பாத்துக்கிட்டே சொன்னீங்க. அது யாருக்காக?"

அவர் சட்டைப் பொத்தானைத் திருகினார். அண்ணி காத்திருந்தாள். இத்தனை வருடத்தில் எத்தனையோ குற்றவாளிகள் முன் இப்படிக் காத்திருந்திருக்கிறாள். அவர்கள் யாரும் அவளுக்குக் காலையில் காபி போட்டுக் கொடுத்தவர்கள் இல்லை.

"நான் உங்களைத்தான் நம்பினேன்," என்றாள். "அந்த நோட்டைவிட."

கணவர் தம்பியின் பக்கம் திரும்பினார். "நீயாவது எடுத்துச் சொல்லுடா. வீட்டு விஷயம். வெளிய தெரிஞ்சா கடை என்ன ஆகும்? நாளைக்கே ஒரு புது பேட்டரியை அங்க இறக்கிடறேன். அதோட போகட்டும்."

வானொலி அண்ணனைப் பார்த்தான். பேச்சு என்று வந்தால் திறக்காத நாளே இல்லாத வாய் ஒரு தடவை திறந்து மூடிக்கொண்டது. அவன் குனிந்து பேட்டரியின் ஒரு பக்கக் கைப்பிடியைப் பிடித்தான்.

"அண்ணி, அந்தப் பக்கம் பிடிங்க."

"இரு. முதல்ல பேனல் கம்பி."

அவள் முறையாகக் கழற்றினாள். பேனல் கம்பி, பிறகு மைனஸ், கடைசியில் பிளஸ். மாடி அறையில் சுற்றிக்கொண்டிருந்த சின்ன மின்விசிறி நிற்கும் சத்தம் படி வழியாக இறங்கி வந்தது. கணவர் வழியை விட்டு ஒதுங்கினார். தடுக்கவும் இல்லை, கை கொடுக்கவும் இல்லை.

ஒரு ஆட்டோவைப் பிடித்து அவர்கள் மருத்துவ நிலையத்துக்கு வந்தபோது மணி மூன்றரை. பாதி வழியில் வானொலி ஒரே ஒரு வாக்கியம் சொன்னான். "எங்கம்மா இருந்திருந்தா அவனை அறைஞ்சிருப்பாங்க." அதில் நகைச்சுவை எதுவும் இல்லை.

பேட்டரியை வராந்தாவில் இறக்கினார்கள். நர்ஸ் குனிந்து பார்த்தாள். ஆறாவது மூடியைத் தொட்டாள்.

"என்னுது," என்றாள். "நான் போட்ட ஓட்டை. கொஞ்சம் கோணலா போட்டுட்டேன், பாருங்க." அவள் மூடியிலிருந்து விரலை எடுக்கவில்லை. "மேடம், இதை எங்கிருந்து பிடிச்சீங்க?"

"முதல்ல அளங்க. பேனல் கம்பியைக் கழற்றி ரெண்டு மணி நேரம் ஆச்சு. இப்ப காட்டறதுதான் இதோட சொந்த எண்ணு. பேனல் எண்ணு இல்ல."

நர்ஸ் மீட்டரின் இரண்டு முனைகளையும் வைத்தாள். 12.7. பக்கத்துப் பெட்டியில் இருந்த பழைய பேட்டரியின் கம்பிகளையும் அண்ணி கழற்றி, அதன் மஞ்சள் மூடிகளும் நீலக் கறையும் தெரியும்படி இதன் பக்கத்திலேயே நகர்த்தி வைத்தாள். அதிகாரி வந்தால் இரண்டையும் ஒரே பார்வையில் பார்க்கலாம்.

தூரத்தில் ஒரு ஜீப் திரும்பும் சத்தம் கேட்டது.

நர்ஸ் நோட்டை முழங்காலில் வைத்துத் தேதி எழுதினாள், நேரம் எழுதினாள், 12.7 எழுதினாள். கடைசிக் கட்டத்தில் 'பேட்டரி கண்டெடுக்கப்பட்ட இடம்' என்று எழுதிவிட்டு நிமிர்ந்தாள்.

"இங்க என்ன எழுதட்டும் மேடம்?"

வானொலி தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அண்ணி தன் மைப்பேனாவை எடுத்தாள். நர்ஸின் கையிலிருந்து நோட்டை வாங்கி, அந்தக் கட்டத்தில் தன் வீட்டு முகவரியை எழுதினாள். நர்ஸ் அதைப் படித்தாள். மறுபடி படித்தாள். ஏதோ சொல்ல வந்தவளை அண்ணி பார்வையாலேயே நிறுத்தினாள். கதவு எண்ணை மறுமுறை சரிபார்த்து, மை காயும்வரை நோட்டைக் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஜீப் வந்து வாசலில் நின்றது.